சீட்டு வந்தது, சான்றிதழ் வரவில்லை: உளவியல் நுழைவுத் தேர்வில் நான் தொலைத்த ஒரு வருடம்

பள்ளிகொண்டா டோல்கேட் பக்கத்தில் அப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறார். விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான்தான். 2023இல் சென்னையில் ஹாஸ்டலில் இருந்து பி.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு ஊருக்கு வந்தேன். எம்.எஸ்சி. எங்கே படிப்பது, என்ன தேர்வு, எந்தச் சான்றிதழ் என்று கேட்க வீட்டிலும் ஆள் இல்லை, தெருவிலும் ஆள் இல்லை. கேட்க ஆள் இல்லாதபோது ஒரு வருடமும் முப்பதாயிரத்துக்கு மேல் பணமும் எப்படிக் கரையும் என்பதை அனுபவித்துப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உளவியல் எடுத்ததற்குக் காரணம் என் அத்தை. நான் பத்தாவது படிக்கும்போது அவரைப் பாகாயம் மனநல மையத்தில் சேர்த்தார்கள். அங்கே நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்குவார்கள். கோடை விடுமுறையில் நானும் பத்து நாள் தங்கினேன். அத்தையிடம் ஓர் அக்கா தினமும் வந்து உட்கார்ந்து பொறுமையாகப் பேசுவார். அந்த வேலைதான் எனக்கு வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த வேலைக்கு எம்.எஸ்சி. மட்டும் போதாது, மருத்துவ உளவியலாளர் என்று பதிவு செய்ய ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) அங்கீகரித்த பயிற்சிப் படிப்பு தனியாக முடிக்க வேண்டும் என்பது கல்லூரி இரண்டாம் வருடத்தில்தான் தெரிந்தது. சொந்தக்காரர்களுக்கு இதெல்லாம் விளங்காது. "நான் இப்ப இன்னா நினைக்கிறேன் சொல்லு பாக்கலாம்" என்று சித்தப்பா ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மத்தியப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை சேர க்யூட் பிஜி என்ற தேர்வு 2022 முதல் நடக்கிறது. நடத்துவது தேசியத் தேர்வு முகமை. திருவாரூர், புதுச்சேரி, டெல்லி, பனாரஸ் எல்லாம் இதற்குள் வரும். கட்டணம் குறைவு, ஹாஸ்டலும் உண்டு என்று சீனியர் ஒருவர் சொன்னதும் இதுதான் வழி என்று பிடித்துக்கொண்டேன். ஆகஸ்டில் போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. உளவியல் முதுநிலைக்குத் தனிப் பயிற்சி, நேரலை வகுப்பு, தினமும் சந்தேகம் கேட்கலாம் என்றார்கள். கட்டணம் 21,600 ரூபாய். ஒன்பது மாதத் தவணை, மாதம் 2,400, வட்டி இல்லை. மாதிரிக்கு ஒரு வகுப்பு காட்டினார்கள். நல்ல ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. அப்பாவின் ஆதாரையும் பான் கார்டையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். போனில் வந்த ஓடிபியையும் சொன்னேன்.

சேர்ந்த பிறகு பார்த்தால் வகுப்பு முக்கால்வாசி இந்தி. ஸ்லைடில் ஆங்கிலம் இருக்கும், விளக்கம் எல்லாம் இந்தியில் ஓடும். நேரலை என்றது வாரத்துக்கு ஒன்று. மீதி எப்போதோ பதிவு செய்தவை. மூன்றாவது வாரம் போன் செய்து விலகிக்கொள்கிறேன் என்றேன். தாராளமாக விலகலாம், ஆனால் தவணை எங்களுடையது இல்லை, கடன் கம்பெனியுடையது, அதை நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று பதில் வந்தது. அன்றைக்குத்தான் புரிந்தது. நான் வகுப்புக்குப் பணம் கட்டவில்லை, அப்பா பெயரில் ஒரு கடன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வகுப்பைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மாதம் 5ஆம் தேதி அவர் கணக்கில் இருந்து பணம் போகும். ஒருமுறை கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பி, பேங்கில் அபராதம் வேறு பிடித்தார்கள். அப்பா எதுவும் சொல்லவில்லை. "இன்னா பாப்பா, இன்னைக்கு கிளாஸ் இல்லயா?" என்று மட்டும் கேட்டார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இந்தி வகுப்பை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பயிற்சியில் சேரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சேரும் முன்பு மாதிரி வகுப்பு ஒன்று போதாது. பாடத்திட்டத்தின் நடுவில் இருந்து நீங்களே மூன்று தலைப்பைச் சொல்லி அந்த வகுப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். நான் புள்ளியியல் வகுப்பைக் கேட்டிருந்தால் அன்றைக்கே தப்பித்திருப்பேன். தவணை என்றால் கடன் கொடுப்பது யார், விலகினால் கடனை ரத்து செய்வது யார் என்று எழுத்தில் வாங்குங்கள். ஆதார், பான், ஓடிபி மூன்றையும் கேட்டால் அது அட்மிஷன் இல்லை, லோன். பழைய வினாத்தாள்களைத் தேர்வு முகமையே தன் இணையதளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் உளவியல் தாள்களும் கிடைக்கின்றன. இது எனக்கு டிசம்பரில்தான் தெரிந்தது.

புத்தகத்திலும் ஓர் அடி வாங்கினேன். சென்னையில் பழைய புத்தகக் கடையில் பிறழ்நிலை உளவியல், அதாவது மனநோய்களைப் பற்றிய புத்தகம் ஒன்று 350 ரூபாய்க்குக் கிடைத்தது. தடிமனான புத்தகம், முன்பு வைத்திருந்தவர் முக்கியமான இடங்களில் மஞ்சள் கோடு எல்லாம் போட்டு வைத்திருந்தார். அதை வரி வரியாகப் படித்தேன். நோயறிதலுக்கு ஐந்து அச்சுகள் (ஒருவரை மதிப்பிடும் ஐந்து கோணங்கள்), மனச்சிதைவுக்கு ஐந்து உட்பிரிவுகள், ஆஸ்பெர்கர் தனி நோய், எண்ணச் சுழற்சி நோயான ஓசிடி பதற்ற நோய்களில் ஒன்று என்று எல்லாம் மனப்பாடம். ஜனவரியில் ஒரு மாதிரித் தாளில் வரிசையாக அடி விழுந்தபோதுதான் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். டிஎஸ்எம்-4 காலத்துப் புத்தகம். டிஎஸ்எம் என்பது மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு. 2013இல் டிஎஸ்எம்-5 வந்தபோதே அந்த ஐந்து அச்சு போய்விட்டது, உட்பிரிவுகள் போய்விட்டன, ஆஸ்பெர்கர் ஆட்டிசத்துக்குள் சேர்ந்துவிட்டது, ஓசிடிக்குத் தனி அத்தியாயமே வந்துவிட்டது. 2022இல் திருத்தப் பதிப்பும் வந்தாயிற்று. புதிதாகப் படிப்பதை விடப் படித்ததை அழிப்பது கஷ்டம். தேர்வு அறையில் கூட "ஐந்து" என்றுதான் முதலில் வாயில் வந்தது. உளவியல் வரலாறு, ஆளுமைக் கோட்பாடு போன்றவற்றுக்குப் பழைய புத்தகம் தாராளமாகப் போதும். பிறழ்நிலைக்கு மட்டும் 2013க்குப் பிறகு வந்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

2024 மார்ச்சில் தேர்வு. 75 கேள்வி, 105 நிமிடம், சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1, மொத்தம் 300. கேள்வி ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழில் வராது. எனக்குச் சென்னைப் புறநகரில் மையம் விழுந்தது. முதல் ஷிப்ட் என்பதால் முந்தின நாள் காட்பாடியில் ரயில் ஏறிப் போய் லாட்ஜில் தங்கினேன். ரூம் 900, ஆட்டோ போக வர 450. அங்கே ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் மைனஸ் மார்க் பயம் பிடித்துக்கொண்டது. நூறு சதவீதம் உறுதியாகத் தெரிந்தால்தான் தொடுவேன் என்று ஒரு வைராக்கியம். சராசரி 100, திட்ட விலக்கம் 15, 130 எடுத்தவர் ஏறத்தாழ எந்தச் சதமானத்தில் (நூறு பேரில் எத்தனை பேருக்கு மேலே) இருப்பார் என்பது மாதிரி ஒரு கேள்வி. இரண்டு விலக்கம் மேலே, அதனால் 98 என்று பத்து விநாடியில் முடிக்க வேண்டியது. நான் ரஃப் தாளில் மணி வடிவ வளைவு வரைந்து, பாதி பாதியாகப் பிரித்து, ஆறு நிமிடம் தின்றேன். கடைசியில் 53 கேள்விக்கு மட்டும் பதில் போட்டிருந்தேன். 22 காலி.

விடைக்குறிப்பு வந்தபோது எண்ணிப் பார்த்தேன். 37 சரி, 16 தப்பு. 148இல் 16 போக 132. காலியாக விட்ட 22இல் பதினைந்துக்கு மேல் நான் இரண்டு விடைகளை அடித்து வைத்துவிட்டு மீதி இரண்டுக்கு நடுவில் முழித்தவை. இந்தக் கணக்கை முன்கூட்டியே எனக்கு யாராவது போட்டுக் காட்டியிருக்க வேண்டும். நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் கூட, நான்கு கேள்விக்கு ஒன்று சரி, மூன்று தப்பு என்று வைத்தால் 4இல் 3 போய் 1 மிஞ்சும். நஷ்டம் இல்லை. இரண்டை அடித்துவிட்டு மீதி இரண்டில் ஒன்றைத் தொட்டால் இரண்டு கேள்விக்கு 4இல் 1 போய் 3 மிஞ்சும். அப்படிப் பார்த்தால் 15 கேள்வியில் எனக்கு இருபதுக்கு மேல் மார்க் வந்திருக்கும். புள்ளியியல் படித்தவள்தான் நான். நிகழ்தகவு என்று ஓர் அத்தியாயமே படித்தேன். அது எனக்கும் பொருந்தும் என்று தோன்றவே இல்லை.

ஆனால் உண்மையான அடி அதற்கு அப்புறம்தான். விண்ணப்பத்தில் விருப்பமான பல்கலைக்கழகங்கள் என்று ஒரு பகுதி வந்தது. ஐந்தாறைத் தேர்ந்தெடுத்திருந்தேன். ஏப்ரலில் மதிப்பெண் வந்தது. நம் ஊர் கவுன்சலிங் மாதிரி அவர்களே கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கூப்பிட மாட்டார்கள். க்யூட் பிஜிக்குப் பொதுக் கலந்தாய்வு கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்து, தனித்தனியாகப் பணம் கட்டி, தனித்தனிக் கடைசித் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் சேரலாம் என்று நான் முதலில் குறித்து வைத்திருந்த இடத்தின் பதிவு முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் அதன் பக்கத்தைத் திறந்தேன். பதறிப்போய் இன்னொன்றில் கடைசி நாள் ராத்திரி பதிவு செய்தேன்.

அதில் இரண்டாவது பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது. மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோருக்கான ஓபிசி ஒதுக்கீட்டில். அம்மா கம்பெனியில் இருந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் போனை வாங்கிப் பார்த்தார். அன்றைக்கு ராத்திரி பரோட்டா வாங்கி வந்தார் அப்பா. மூன்று நாளுக்குள் ஓபிசி சான்றிதழைப் பதிவேற்றி, கட்டணம் கட்ட வேண்டும். என்னிடம் பள்ளியில் இருந்தே பத்திரமாக லேமினேட் செய்த ஜாதிச் சான்றிதழ் இருந்தது. பி.சி. என்று போட்டிருக்கும். அதை ஏற்றினேன். மறுநாள் மறுத்துவிட்டார்கள்.

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். தமிழ்நாட்டில் நாம் வைத்திருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநில வேலைக்கும் மாநிலக் கல்லூரிக்கும்தான். மத்திய நிறுவனங்களுக்கு ஓபிசி நான் கிரீமி லேயர் என்று தனிச் சான்றிதழ் வேண்டும், மத்திய அரசின் படிவத்தில். அதில் ஜாதியோடு, குடும்பம் வசதியான பிரிவில் வரவில்லை என்பதையும் தாசில்தார் சான்றளிப்பார். வருமானக் கணக்கு அதில் இருப்பதால் அது ஜாதிச் சான்றிதழ் மாதிரி ஆயுசுக்கும் செல்லாது. சேர்க்கையின்போது அந்த நிதியாண்டில், அதாவது அந்த வருடம் ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியதைத்தான் கேட்பார்கள். இன்னொன்று, மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லா ஜாதியும் மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கும் என்று இல்லை. உங்களுடையது இருக்கிறதா, எந்தப் பெயரில், எந்த எழுத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இ-சேவை மையத்துக்கு ஓடினேன். கட்டணம் 60 ரூபாய்தான். ஆனால் விண்ணப்பம் விஏஓவிடம் போய், வருவாய் ஆய்வாளரிடம் போய், அப்புறம் தாசில்தாரிடம் போக வேண்டும். அப்பாவின் ஜாதிச் சான்றிதழில் இனிஷியல் வேறு, ஆதாரில் வேறு. அதற்கு ஒரு சுற்று. மொத்தம் 11 நாள் ஆனது. எனக்குக் கொடுத்தது மூன்று நாள். மெயில் மேல் மெயில் அனுப்பினேன், அவகாசம் நீட்டிக்க முடியாது என்று ஒரு வரி பதில் வந்தது. அவர்கள் மேல் தப்பில்லை, விதி அப்படித்தான். சான்றிதழ் கைக்கு வந்த அன்று அந்தச் சீட்டு வேறு யாருக்கோ போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. இ-சேவை வாசலில் அந்தப் பச்சைத் தாளை வைத்துக்கொண்டு நின்றேன். வெயில் கொளுத்தியது. வேலூர் வெயிலைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று சரியாக ஞாபகம் இல்லை. பகல் 12 மணி வரை படுத்திருப்பேன். குடியாத்தத்தில் மாமா பெண் கல்யாணத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. தூக்கம் கெட்டது, பசி இல்லை, பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேலாக இருந்தது. இந்த அறிகுறிகளைத்தான் தேர்வுக்கு வரிசை மாறாமல் ஒப்பித்தேன். அது நானே என்று தெரியவில்லை. கல்லூரித் தோழி ஒருத்திதான் போனில் பேசும்போதே பிடித்துவிட்டாள். 14416 எண்ணுக்கு அழைக்கச் சொன்னாள். டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசலாம். நாலு நாள் தயங்கி ஐந்தாம் நாள் கூப்பிட்டேன். ஒன்றும் மாயம் நடக்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் குளித்தேன், அம்மாவிடம் எழுந்து வந்து பேசினேன். அப்புறம் இரண்டு முறை நேரிலும் போய் டாக்டரைப் பார்த்தேன். படிப்பதைவிட இதை முதலில் செய்யுங்கள்.

செப்டம்பரில் மறுபடி ஆரம்பித்தேன். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன், மாதம் 3,000 வந்தது. வீட்டில் ஷீட் கூரை, காலை பத்து மணிக்கு மேல் உட்கார முடியாது. அதனால் வாரத்தில் நாலு நாள் வேலூர் மாவட்ட மைய நூலகம். டவுன் பஸ் கிடைத்தால் நமக்கு டிக்கெட் இல்லை. முதல் வருடம் நான் படித்தது எல்லாம் கல்லூரிப் பாணி. படி, கோடு போடு, நோட்ஸ் எழுது, மறுபடி படி. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே மறதியை அளந்து வளைவு போட்டுக் காட்டிவிட்டார். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து, மூடி வைத்துவிட்டு நினைவுபடுத்திப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். இரண்டும் எனக்குப் பாடத்தில் இருந்தவை, பதில் எழுதி மார்க் வாங்கியவை!

இந்த முறை தினமும் முதலில் 25 கேள்வி, அப்புறம்தான் புத்தகம். தப்பான ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் ஏன் தப்பு என்று ஒரு வார்த்தை. தெரியாது, குழப்பம், அவசரம் இந்த மூன்றில் ஒன்று. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் குழப்பம். தெரியாதது குறைவுதான். உதாரணத்துக்கு எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும். அதை வீட்டிலேயே வைத்துத் தீர்த்துக்கொண்டேன். தண்ணீர் பிடிக்கச் சொல்லி அம்மா கத்துகிறார். நான் குடத்தை எடுத்ததும் கத்தல் நிற்கிறது. பிடிக்காத ஒன்று விலகுவதால் நான் தண்ணீர் பிடிப்பது கூடுகிறது, அது எதிர்மறை வலுவூட்டல். கத்தினால் தண்ணீர் வருகிறது என்பதால் அம்மா கத்துவது கூடுகிறது, அவருக்கு அது நேர்மறை வலுவூட்டல். ஹெல்மெட் போடாததற்கு அப்பாவிடம் பணம் பிடுங்கினால், போடாமல் போவது குறைய வேண்டும். கையில் இருப்பதை எடுத்துக் குறைப்பதால் அது எதிர்மறைத் தண்டனை. (குறையவில்லை என்பது வேறு கதை.) அதற்குப் பிறகு அந்தக் கேள்வி எப்படித் திருப்பிப் போட்டாலும் தப்பவில்லை.

கால வரிசைக் கேள்விகளும் பொருத்துக கேள்விகளும் நிறைய வரும். 1879 லைப்சிக்கில் வுண்ட் ஆய்வகம், 1905 பினேயின் நுண்ணறிவுச் சோதனை, 1913 வாட்சனின் நடத்தைவாதம், 1916 கல்கத்தாவில் உளவியல் துறை, 1921 ரோர்ஷாக்கின் மைக்கறைச் சோதனை. இப்படி முப்பது வருடங்களை ஒரு அட்டையில் எழுதி பஸ்ஸில் பார்ப்பேன். பொருத்துகவில் நான்கும் தெரிய வேண்டியதில்லை. உறுதியாகத் தெரிந்த ஒரு ஜோடியைப் பிடித்தால் பெரும்பாலும் இரண்டு விடை அடிபட்டுவிடும்.

2025 தேர்வில் கேள்வி அதே 75, நேரம் மட்டும் 90 நிமிடம் ஆகிவிட்டது. அறிவிப்பை ஒழுங்காகப் படித்ததால் ஜனவரியில் இருந்தே 80 நிமிடம் வைத்துப் பழகினேன். 71 கேள்வி தொட்டேன். 52 சரி, 19 தப்பு, 189 மார்க். தப்பின் எண்ணிக்கை போன வருடத்தைவிடக் கூடத்தான். மதிப்பெண் 57 கூடியிருக்கிறது. மே மாதம் மதிப்பெண் வருவதற்கு முன்பே ஒரு நோட்டில் ஆறு பல்கலைக்கழகங்களின் பெயர், பதிவுக் கட்டணம், கடைசித் தேதி எழுதி, தினமும் காலையில் ஆறு இணையதளத்தையும் திறந்து பார்த்தேன். ஓபிசி சான்றிதழுக்கு ஏப்ரல் முதல் வாரமே விண்ணப்பித்துவிட்டேன். முதல் பட்டியலில் வரவில்லை, மூன்றாவதில் வந்தேன். பதிவேற்ற இரண்டு நாள் கொடுத்தார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கடன் 21,600, பேங்க் அபராதம் 590, புத்தகம் 1,400 சொச்சம், இரண்டு வருடத் தேர்வுக் கட்டணமும் பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணமும் சேர்த்து ஆறாயிரத்தை ஒட்டி, போக்குவரத்தும் லாட்ஜும் மூவாயிரம். இதில் உருப்படியாகப் போனது பத்தாயிரம் இருக்கும். மீதி அம்மாவின் இரண்டு மாதச் சம்பளம்.

ஹாஸ்டலுக்குக் கிளம்பும் முன்பு, அணைக்கட்டில் இருந்து ஒரு தங்கை என் நோட்டுகளை வாங்கிப்போக வந்தாள். பி.எஸ்சி. கடைசி வருடம். புள்ளியியல் கஷ்டமா அக்கா, எந்தப் புத்தகம் அக்கா என்று கேட்டுக்கொண்டே போனாள். ஓபிசி எடுத்துட்டியா என்று கேட்டேன். "கம்யூனிட்டி சர்டிபிகேட் இருக்கேக்கா, லேமினேட் பண்ணி வெச்சிருக்கேன்" என்றாள். நோட்டுகளைக் கட்டி அவள் வண்டியில் வைத்துவிட்டு, அடுத்த ஏப்ரலில் மறுபடி எடுக்க வேண்டியிருந்தாலும் சிக்கல் ஏதும் இருந்தால் இப்போதே தெரியட்டும் என்று அப்படியே இரண்டு பேரும் இ-சேவைக்குப் போனோம். அவள் அப்பாவுக்கும் இனிஷியல் இரண்டு விதமாகத்தான் இருந்தது.